தேலோக் ஆயர் வீதியில் ஒரு தாவோ ஆலயம்

சிங்கப்பூர் மாநகரின் வணிகப் பகுதியில், வானளாவிய மாளிகைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் இடத்தில், தேலோக் ஆயர் என்றொரு வீதி இருக்கிறது. நம் மறைமாவட்ட ஆயர்களுக்கும் அப்பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மலாய் மொழியில் ‘தேலோக்’ என்பது குடாவையும் ‘ஆயர்’ என்பது நீரையும் குறிக்கும். இன்று அவ்வீதியில் நின்று எத்திசை நோக்கினும் கடலைக் காண இயலாது. ஆயினும், ஒரு காலத்தில் கடல் இவ்வீதியின் விளிம்பு வரை வந்து அலையடித்துக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடாவை மண்ணிட்டுத் தூர்த்து நிலமாக்கிய பின்னரே கடல் விலகிற்று.

சீனத்தின் தென்கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் புறப்பட்டவரும், நம் சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டவரும் இந்தக் கரையிலேதான் கால் பதித்தனர். வாரக்கணக்கில் அலையிலும் புயலிலும் அலைக்கழிந்து, உடன்வந்தோரிற் சிலரைக் கடலுக்கே பறிகொடுத்து, எஞ்சியோர் கரையேறியதும் செய்த முதற்காரியம் நன்றி செலுத்தியதே. அதனால் இந்த ஒரே வீதியில் சீனரின் ஆலயமும், நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது பெயரால் நம் கரையோரத்து முஸ்லிம்கள் எழுப்பிய தர்காவும், சூலியா முஸ்லிம்களின் அல் அப்ரார் பள்ளிவாசலும் அண்டை அயலாக நிற்கின்றன. பிற்காலத்தில் சீன மெதடிஸ்டு கிறிஸ்தவர்களும் இவ்வீதியிலேயே கோவில் கட்டினர். நாகூர் தர்காவின் கட்டடம் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்தது. 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. வேளாங்கண்ணிக்குச் செல்லும் வழியில் நாகூர் மினாராக்களைக் கண்டிருக்கும் நம்மவர்க்கு, கடல் கடந்த ஊரில் அதே பெயரைக் காணும்போது நெஞ்சு சற்றே நெகிழத்தான் செய்யும்.

நான் சொல்ல வந்தது அந்தச் சீனர் ஆலயத்தைப் பற்றியே. அதன் பெயர் தியான் ஹொக் கெங். விண்ணக மகிழ்வின் மாளிகை என்று பொருள்படும். சீனத்தின் பூக்கியன் மாநிலத்திலிருந்து வந்த ஹொக்கியன் மக்கள், 1820-களில் கரையோரத்தில் ஒரு சிறு வழிபாட்டிடம் அமைத்திருந்தனர். அவ்விடத்திலேயே 1839-இல் தொடங்கி 1842-இல் இவ்வாலயத்தைக் கட்டி முடித்தனர். கல்லும் மரமும் சீனத்திலிருந்தே கப்பலில் வந்தன. அம்மன் சிலையும் 1840-இல் அங்கிருந்தே வந்திறங்கி, வீதிகளில் பவனியாக எடுத்துச் செல்லப்பட்டது. கூரையின் மரவேலையில் ஆணியே அறையாமல், ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமாறு செதுக்கி இணைத்திருக்கிறார்கள் தச்சர்கள். பெரும்பொருள் ஈந்தவர்களில் முதல்வர் தான் தொக் செங். மலாக்காவில் பிறந்து, காய்கறி விற்றுத் தொழில் தொடங்கி, பெரு வணிகராக உயர்ந்தவர் அவர். 1844-இல் ஏழை நோயாளிகளுக்கென அவர் அடிக்கல் நாட்டுவித்த மருத்துவமனை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1973-இல் சிங்கப்பூர் அரசு இவ்வாலயத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1998 முதல் 2000 வரை நடந்த பெரும் புதுப்பிப்புப் பணி, மறு ஆண்டில் யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்றது.

அண்ணன் மகன் அந்நகரில் பணிபுரிகிறான். அவனும் அவன் மகளும் நானுமாக ஒரு சனிக்கிழமை காலையில் அங்கே சென்றோம். அவன் தோளில் நல்லதொரு புகைப்படக் கருவி. என் கையில் கைபேசி. புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் சிறுமியின் கையில் ஒன்றுமில்லை. ஆனால் அவள் உள்ளத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

வாயிலில் கல்லாலான இரு சிங்கங்கள். கதவுகளில் ஆளுயரக் காவலர்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றனர். சீனர் ஆலயங்களில் நடுவாசல் தெய்வத்திற்கு உரியது; மக்கள் தங்கள் வலப்புறத்து வாசலால் உள்ளே சென்று, எதிர்ப்புறத்து வாசலால் வெளியேறுவர். டிராகன் பக்கம் நுழைந்து புலிப் பக்கம் வெளிவருவது என்பர். வாசற்படியாக உயர்ந்த மரத்தடுப்பு ஒன்று இருக்கும். அதை மிதிக்காமல் தாண்டியே செல்ல வேண்டும். நம் பாட்டிமார் நிலைப்படியை மிதித்தால் அதட்டுவார்களே, அதே வழக்கம். அந்தத் தடுப்பைத் தாண்ட வேண்டுமானால் எவராயினும் தலை தாழ்த்திக் காலைப் பார்த்தே ஆக வேண்டும். படக்கருவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு நுழைய முடியாது.

உள்ளே சென்றதும் நடுவில் திறந்த முற்றம். வெயில் நேரே தரையில் விழுகிறது. சுற்றிலும் உள்ள மண்டபங்களிலோ இருள். சிவப்பும் கறுப்பும் பொன்னுமான இருள். ஊதுவத்திப் புகை அந்த இருளிலிருந்து கிளம்பி வெயிலுக்குள் வரும்போது வெள்ளைத் துகில் போல விரிகிறது. படம் பிடிப்பவர்க்கு இதைவிட ஆசை காட்டும் இடம் கிடைப்பது அரிது. அதே வேளையில் இடர் தரும் இடமும் இதுவே. முற்றத்து ஒளிக்குக் கருவியை ஒழுங்கு செய்தால் மண்டபம் கரியாகிவிடும். மண்டபத்துக்கு ஒழுங்கு செய்தால் முற்றம் வெளுத்துவிடும். மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்தினாலோ புகையே வெள்ளைச் சுவராக நின்று எல்லாவற்றையும் மறைக்கும். செபத்தில் இருப்போரும் திடுக்கிடுவர். தூணோரம் நின்று, கைநடுக்கமின்றி, இருக்கும் ஒளியிலேயே எடுப்பதுதான் வழி.

எடுக்கத்தக்கவை ஏராளம். கூரை முகட்டில் இரு டிராகன்கள் ஒரு முத்தை நடுவே வைத்து எதிர்கொள்கின்றன. அவற்றின் செதில்கள், வண்ணப் பீங்கானை வெட்டித் துண்டு துண்டாக ஒட்டிச் செய்யப்பட்டவை. கருங்கல் தூண்களிலும் டிராகன்கள் சுற்றிப் படர்கின்றன. முகப்பின் இரும்பு வேலைப்பாடு ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோவிலிருந்து வந்ததாம். அண்ணாந்து பார்த்தால், உத்தரத்தின் கீழே கூரையைத் தோளில் தாங்குவது போலக் குந்தியிருக்கும் மனித உருவங்கள் சில தெரியும். அவை இந்தியர் உருவங்கள் என்றும், இந்நகரை எழுப்புவதில் உழைத்த நம்மவரை நினைத்துச் செய்தவை என்றும் கூறுவர். அண்ணன் மகன் அவற்றையே பத்துப் படங்கள் எடுத்தான். “சித்தப்பா, நம் ஆட்களுக்குச் சுமைதான் கொடுத்திருக்கிறார்கள்” என்றான் சிரித்துக்கொண்டே.

ஆலயத்தின் தலைமைத் தெய்வம் மாட்ஸு என்னும் கடலன்னை. பத்தாம் நூற்றாண்டில், பூக்கியன் கரையை அடுத்த மெய்சோ தீவில், மீனவக் குடும்பத்தில் பிறந்த பெண்ணே அவள் என்பது மரபு. பிறந்தபோது அழவே இல்லையாம். ஆதலால் ‘மௌனம்’ என்று பொருள்படும் மோ என்ற பெயரை இட்டனர். தந்தையும் உடன்பிறந்தாரும் புயலில் சிக்கியபோது, வீட்டிலிருந்தபடியே தன் ஆவியால் சென்று அவர்களைக் காத்தாள் என்ற கதை பல வடிவங்களில் வழங்குகிறது. இளமையிலேயே மணமின்றி இறந்தாள். அதன்பின் கடலோடிகள் அவளைக் கூவி அழைத்தனர். சீனப் பேரரசர்களோ மீண்டும் மீண்டும் அவளுக்குப் பட்டம் உயர்த்திக்கொண்டே வந்து, 17-ஆம் நூற்றாண்டில் ‘விண்ணக அரசி’ என்றே அறிவித்துவிட்டனர். இவ்வாலயத்துக்கும் 1907-இல் குவாங்சு பேரரசரிடமிருந்து, தென்கடலில் அலைகள் அடங்கின என்ற கருத்துடைய எழுத்துப் பட்டயம் வந்தது.

நம் மீனவப் பங்குகளில் வளர்ந்தோர்க்கு இக்கதையைக் கேட்டதும் என்ன நினைவு வரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. புயலில் தப்பிய போர்த்துக்கேய மாலுமிகளையும், செப்டம்பர் 8-ஆம் நாளையும், தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தேரையும் அறியாதார் நம்மில் யார்? கடல் எங்கும் ஒன்றே. கடலில் செல்வோரின் அச்சமும் ஒன்றே. ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுவது எளிய வழி. உண்மை வழி அன்று. நாம் அன்னை மரியாளைத் தொழுவதில்லை, அவளைப் படைத்த இறைவனைத் தொழுது, அவளிடம் பரிந்துரை கேட்கிறோம். மாட்ஸுவோ, மனிதப் பெண்ணாகப் பிறந்து, மக்களின் பக்தியாலும் மன்னரின் ஆணையாலும் தெய்வமாக ஏற்றப்பட்டவள். வேறுபாடு பெரிது. அதை மறைத்துப் பேசினால் அவர்களுக்கும் நாம் மரியாதை செய்தவர்கள் ஆகமாட்டோம்.

மாட்ஸுவின் இருபுறமும் பயங்கரத் தோற்றமுடைய இருவர் நிற்கின்றனர். ஒருவன் ஆயிரங்காதம் பார்க்கும் கண்ணுடையவன். மற்றவன் காற்றில் வரும் ஓசையெல்லாம் கேட்கும் செவியுடையவன். முன்னொரு காலத்தில் பேய்களாயிருந்து, அவளுக்கு அடங்கி ஊழியரானவர்கள் என்பது கதை. எங்கோ தொலைவில் மூழ்கும் படகைக் காண்பது ஒருவன் பணி. அதிலிருப்போரின் கூக்குரலைக் கேட்பது மற்றவன் பணி. இக்கதை தெரியாமல் அந்த முகங்களை மட்டும் படமெடுத்து ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அப்படி ஆனதும் உண்டு. எங்களுக்கு முன்னே சென்று வந்த ஓர் உறவினர், அவ்விரு முகங்களையும் குடும்பக் குழுவில் கைபேசி வழியே பரப்பி, ‘பேயைக் கும்பிடும் கோவில்’ என்று அடியில் எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் சிறுமி என்னிடம் கேட்டாள்: “சின்னத் தாத்தா, நாம் இங்கே வருவது பாவமா? என் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் பாட்டி ஒவ்வொரு மாதமும் இங்கேதான் வருவார். அவர் பேயையா கும்பிடுகிறார்?”

சிறு பிள்ளையின் கேள்விதான். ஆனால் மழுப்பலாகச் சொல்லித் தப்பக்கூடிய கேள்வி அன்று. அவள் வாழும் நாட்டில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 31 பேர் பௌத்தர். ஏறக்குறைய 9 பேர் தாவோ சமயத்தார். 7 பேர் கத்தோலிக்கர். பள்ளியில் அவளுக்கு இடப்பக்கம் ஒருத்தி, வலப்பக்கம் ஒருத்தி என்று வேற்றுச் சமயப் பிள்ளைகளோடுதான் அவள் வளர வேண்டும். தவறாக ஒரு சொல் சொன்னால், ஒன்று தோழியை இழப்பாள், அல்லது தன் விசுவாசத்தை அற்பமாக எண்ணப் பழகுவாள்.

உள்ளே சென்று பார்ப்பது வழிபாடு அன்று என்றேன். பார்ப்பதற்கும் பங்கெடுப்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைப் பயணிகள் அடிக்கடி விளையாட்டாகத் தாண்டுகின்றனர். நாங்கள் அங்கிருந்தபோதே ஒருவர் மூன்று ஊதுவத்திகளை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, மனைவியைப் படம் எடுக்கச் சொல்லி, படம் சரியாக விழுந்ததும் வத்திகளைச் சாம்பற் கிண்ணத்தில் செருகிவிட்டு நகர்ந்தார். இன்னும் இருவர் குறி பார்க்கும் குச்சிகளை ஆட்டிச் சிரித்தனர். மூங்கில் குழலில் எண்ணிட்ட குச்சிகள் இருக்கும். ஒரு குச்சி தானே வெளியே விழும்வரை ஆட்டுவார்கள். பின்னர் பிறை வடிவிலான இரு மரத்துண்டுகளைத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையான பக்கமும் மற்றது குவிந்த பக்கமும் மேலே இருந்தால் ‘ஆம்’ என்று விடை. நாம் இதை விளையாட்டாகச் செய்தாலும் குற்றம், நம்பிச் செய்தாலும் குற்றம். குறி கேட்பதைத் திருச்சபையின் மறைக்கல்வி விலக்குகிறது. அது ஒருபுறம் இருக்க, மகனின் நோய்க்காக நடுங்கும் கையோடு அக்குச்சிகளை ஆட்டும் தாயின் அருகே நின்று, அதையே வேடிக்கையாகச் செய்து காட்டுவது மனிதத்தன்மையும் ஆகாது.

அப்படி ஒரு மூதாட்டி அன்று அங்கே இருந்தார். மண்டியிட்டு, கண் மூடி, உதடு மட்டும் அசைய நெடுநேரம் வேண்டிக்கொண்டிருந்தார். புகையைத் துளைத்து வந்த வெயில் அவர் நரைத்த கூந்தலில் விழுந்தது. அயல்நாட்டுப் பயணி ஒருவர் நீண்ட குழல் பொருத்திய கருவியோடு அவருக்கு முன்னே வந்து, தரையில் ஒரு முழங்கால் ஊன்றி, முகத்துக்கு நேராகக் குறி வைத்தார். ஆலயத்தில் இரண்டு பேர் முழந்தாளிட்டிருந்தனர். ஒருவர் செபிக்க, ஒருவர் படம் பிடிக்க. அண்ணன் மகனும் கருவியைத் தூக்கினான். நான் வாய் திறக்கும் முன்பே சிறுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: “அப்பா, அந்தப் பாட்டியை எடுக்க வேண்டாம்.” அவனும் இறக்கிக்கொண்டான். கருவியில் அந்தக் காட்சி மிக அழகாகத் தெரிந்தது என்று பிறகு சொன்னான். தெரிந்திருக்கும்.

வேளாங்கண்ணியில் பழைய மாதா குளத்திலிருந்து மணற்பாதையில் முழந்தாளால் நடந்து செல்லும் நம் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். தேய்ந்த முழங்காலும், கலைந்த சேலையும், கண்ணீருமாகச் செல்பவரை நின்று நின்று படம் பிடிக்கும் கூட்டத்தைக் கண்டு நமக்கு எத்தனை முறை வயிறு எரிந்திருக்கிறது! அவ்வளவு தூரம் போவானேன், நம் பங்குக் கோவில்களிலேயே திருமணத் திருப்பலியின்போது பீடத்துக்கும் மக்களுக்கும் நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் படப்பிடிப்பாளரைப் பங்குத்தந்தையர் எத்தனை பேர் கடிந்திருக்கிறார்கள், அவர் கேட்டாரா? நம் செபத்தை எவரேனும் காட்சிப் பொருளாக்கினால் நமக்கு நோகிறது. அந்த நோவே இங்கு நமக்கு விதி நூலாக இருக்கலாம். தாவோ ஆலயங்கள் பலவற்றில் பீடத்துச் சிலைகளைப் படமெடுக்கத் தடை உண்டு. தடைப் பலகை இருந்தால் பணிய வேண்டும். இல்லையேல் காவலரிடம் கேட்க வேண்டும். மனிதரை எடுப்பதானால் அந்த மனிதரைக் கேட்க வேண்டும். செபிப்பவரைக் கேட்கவும் முடியாது, ஆகவே எடுக்கவும் கூடாது.

“பேயையா கும்பிடுகிறார்?” என்ற கேள்விக்கு விடை சொல்லத் திருச்சபையே எவ்வளவு காலம் தயங்கி நின்றது என்பதை நம்மில் பலர் அறியோம். இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி 1601-இல் பீக்கிங் நகரை அடைந்தார். சீனர் இறந்த மூதாதையரின் பெயர்ப்பலகை முன் வணங்குவதும், கன்பூசியசுக்கு மரியாதை செலுத்துவதும் குடும்பக் கடமையும் குடிமைக் கடமையுமேயன்றி வழிபாடு அல்ல என்று அவர் கருதினார். அதே காலத்தில், 1606-இல், மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நொபிலியும் பூணூல், குடுமி, சந்தனம் பற்றி இதையொத்த கருத்தையே கொண்டார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவும் தந்தார். ஆனால் சீனத்தில் பின்னர் வந்த வேறு சபைக் குருக்கள் மறுத்தனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1704-இலும் 1715-இலும் திருத்தந்தை பதினோராம் கிளமெந்து தடை விதித்தார். 1742-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை உறுதிப்படுத்தினார். ஈராண்டு கழித்து நம் தமிழகத்து வழக்கங்களைப் பற்றியும் கண்டிப்பான ஆணை வந்தது. இதற்கிடையே சினமுற்ற காங்சி பேரரசர் 1721-இல் கிறிஸ்தவ மறைபரப்பையே தடை செய்தார். மூதாதையர் பலகையை விட்டால் குடும்பத்துக்கு அந்நியர். விடாவிட்டால் திருச்சபைக்கு அந்நியர். இப்படி இருதலைக்கொள்ளி எறும்பாகச் சீனக் கிறிஸ்தவர் தலைமுறை தலைமுறையாகத் தவித்தனர். 1939 டிசம்பர் 8-ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் காலத்தில், அந்த வணக்கங்களைக் குடிமை மரியாதையாகக் கொள்ளலாம் என்று உரோமை அறிவித்தது. ரிச்சி அடிகளை 2022 டிசம்பரில் ‘வணக்கத்துக்குரியவர்’ நிலைக்குத் திருச்சபை உயர்த்தியது.

ஒன்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். ரிச்சி ஏற்றது மூதாதையர் வணக்கத்தையும் கன்பூசியசுக்குரிய மரியாதையையுமே. தாவோ கோவில்களின் தெய்வங்களை அவர் ஏற்கவில்லை, கடிந்தே எழுதினார். ஆகவே அவரைக் காட்டி ‘எல்லாம் ஒன்றே’ என்று எவரும் வாதிட முடியாது. நான் அவர் வரலாற்றை நினைத்தது வேறு காரணத்துக்காக. ஒரு மனிதன் ஒரு பலகையின் முன் தலை வணங்கும்போது அவன் உள்ளத்தில் இருப்பது தொழுகையா, மரியாதையா, பாசமா என்று அறிய, அம்மொழியைக் கற்று அம்மண்ணிலேயே வாழ்ந்து மடிந்த மறைப்பணியாளர்களும் தங்களுக்குள் முரண்பட்டனர். அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, படத்துக்கு அடியில் மூன்று சொல்லில் தீர்ப்பு எழுதுவோர் எவ்வளவு துணிச்சல்காரர்கள்!

சிறுமிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. அந்தப் பாட்டி தனக்குத் தெரிந்த வழியில் நன்மையைத் தேடுகிறார். நாம் அறிந்த இறைவனை அவர் இன்னும் அறியவில்லை. இறைவனோ அவரை அறிவார் என்று மட்டும் சொன்னேன். 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையின் நெறியும் அதுவே. அவற்றில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை. அதே மூச்சில், கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் கைவிடுவதில்லை. அவ்வறிக்கையில் தாவோ சமயத்தின் பெயர் இல்லை. ஆனால் 2016-இல் தைவானிலும், 2018 நவம்பரில் இதே சிங்கப்பூரிலும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் துறை தாவோ சமயத்தாரோடு அமர்ந்து கருத்தரங்கு நடத்தியது.

‘தாவோ’ என்ற சொல்லுக்கே ‘வழி’ என்பதுதான் பொருள். வழியும் உண்மையும் உயிரும் யார் என்று அறிந்த நமக்கு அச்சொல்லின் மேல் ஓர் ஈர்ப்பு ஏற்படுவது இயல்பு. சீன மொழியில் யோவான் நற்செய்தியைப் பெயர்த்தோர் பலர், அதன் தொடக்கத்தில் வரும் ‘வாக்கு’ என்பதற்குத் ‘தாவோ’ என்ற சொல்லையே எடுத்தாண்டனர். 1937-இல் கத்தோலிக்கரான சட்ட அறிஞர் ஜான் வூ அவர்களின் மொழிபெயர்ப்பிலும் அச்சொல்லே உள்ளது. தாவோ ஞானி லாவோட்சுவின் நூலையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். பின்னர் திருப்பீடத்துக்குச் சீனத் தூதராகவும் இருந்தார். ஆனால் லாவோட்சுவின் நூல் பேசும் அமைதிக்கும், இவ்வாலயத்தில் கேட்கும் மரத்துண்டுகளின் ‘டக்’கென்ற ஓசைக்கும் நடுவே தொலைவு அதிகம். நூலின் தாவோ வேறு, வீதியின் தாவோ வேறு என்றே எனக்குத் தோன்றிற்று. இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. நம் மறைக்கல்வி நூலுக்கும் நம் திருவிழாக் கடைத்தெருவுக்கும் உள்ள தொலைவும் குறைவானதன்று.

பின்மண்டபத்தில் பௌத்தரின் கருணை அன்னையான குவான்யின் வீற்றிருக்கிறாள். வெண்ணிற ஆடை, தாழ்ந்த விழி. கன்பூசியசுக்கும் இங்கே ஓரிடம் உண்டு. மூன்று நெறிகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பற்றிச் சீனர் எவரும் வியப்பதில்லை. “மாதா மாதிரியே இருக்கிறாரே” என்றான் அண்ணன் மகன். அவன் மட்டும் அல்லன். ஜப்பானில் கொடிய வேதகலாபக் காலத்தில் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள், இதே உருவச் சிலையை வீட்டில் வைத்து, அதன் முன் அன்னை மரியாளிடம் வேண்டிக்கொண்டனர். கண்ணுக்கு அது ஒரு சிலை, உள்ளத்துக்கு வேறொன்று. புகைப்படம் சிலையை மட்டுமே பிடிக்கும்.

ஆலயத்தை ஒட்டிய பகுதியில் 1915-இல் பெண்குழந்தைகளுக்கென ஹொக்கியன் சங்கத்தார் ஒரு பள்ளி தொடங்கினர். சீனப் பெண்களுக்குக் கல்வி அரிதாயிருந்த காலம் அது. கோவிலை நடத்தியவர்களே பள்ளியையும் நடத்தி, புதிதாய் வந்திறங்கியவர்க்கு வேலையும் தேடித் தந்தனர். கோவில் என்றால் செபம் மட்டும் அன்று, ஊரை விட்டு வந்தவனுக்கு ஊரும் அதுவே. ஓஃபீர் சாலையில் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து மாதா ஆலயத்தின் கதையும் ஏறத்தாழ இதுவேதான். ஞாயிறு தமிழ்த் திருப்பலி முடிந்து, வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும் நம் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தோர்க்கு இது விளங்கும்.

வெளியே வந்ததும் சிறுமி தந்தையிடம் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆலயத்தின் பின்புறம், ஆமோய் வீதியைப் பார்த்த வெளிச்சுவரில், 44 மீட்டர் நீளத்துக்கு ஓவியம் ஒன்று தீட்டப்பட்டிருக்கிறது. யிப் யூ சோங் என்னும் ஓவியர் 2017-இல் வரைந்தது. தாய்நாட்டில் விடைபெறுதல், கப்பல், கரையேறுதல், மூட்டை சுமக்கும் கூலிகள், ரிக்‌ஷா, பள்ளிக்கூடம் என்று ஹொக்கியன் மக்களின் வரலாறு முழுதும் அதில் உண்டு. படமெடுக்க இங்கே எவரையும் கேட்கவேண்டியதில்லை. அவள் அதன் முன்னே ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து நடந்து எடுத்தாள். மூட்டையோடு நிற்கும் கூலியின் அருகே என்னையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். திங்கட்கிழமை வகுப்பில் தோழியிடம் காட்டுவதற்காம்.